ஏசி யாருக்கு?

சமயபுரம் மாரியம்மனுக்கு அபிஷேகம் கிடையாது. தெரியுமோ?

பங்குனியிலும் சித்திரையிலும் பால்குடம் பால்குடமாக வந்து குவிகிறதே, அது என்ன என்று கேட்பீர்கள். அதெல்லாம் உற்சவருக்கு. மூலவர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டார்கள். காரணம் ரொம்ப எளிமை. மூலவர் கல் இல்லை. சுதையும் மூலிகையுமாகச் சேர்த்துச் செய்த திருமேனி. தண்ணீர் பட்டால் கரையும்.

அங்கிருந்து பஸ் பிடித்துக் கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கேயும் இதே கதை. பள்ளிகொண்டிருக்கும் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. திருமஞ்சனமெல்லாம் நம்பெருமாளுக்குத்தான். மூலவருக்குத் தைலக்காப்பு மட்டும். அதைச் சாற்றிய பிறகு, காயும் வரை பல நாட்களுக்குத் திருமுகம் மட்டும்தான் தரிசனம். மற்றதெல்லாம் துணியால் மூடியிருக்கும். எத்தனை பெரிய வி.ஐ.பி. வந்தாலும் அவ்வளவுதான்.

உடனே 'நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்துவிடாதீர்கள். அதே முன்னோர்கள்தான் எண்ணெய்ப் புகையால் பல கோயில் ஓவியங்களைக் கரிச்சட்டி ஆக்கினார்கள். நான் சொல்ல வருவது ஒரு சின்ன விஷயம். பொருள் எதனால் ஆனது, அதற்கு எது ஆகாது என்று பார்த்து, அதற்கேற்ப மனிதர்கள் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். பக்தனின் சௌகரியம் இரண்டாவது. திருமேனி முதலாவது.

நம் மியூசியங்களில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ளேயே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பெருமாளைச் சேவித்த கையோடு புளியோதரைப் பக்கம் போய்விடுகிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள். விடாதீர்கள். செப்பேடுகள், பழைய வாள்கள் எல்லாம் உண்டு. ஆனால் பார்க்கவேண்டியது நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள். ராஜா, ராணி, அவர்களின் கொண்டை, நகை, கட்டியிருக்கிற துணியின் மடிப்பு வரை தந்தத்தில் செதுக்கியிருக்கிறார்கள். நாயக்கர் காலம் என்ன உடுத்தியது, எப்படி நின்றது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சாட்சி குறைவு. சாட்சிக்கு வயது 300-க்கு மேல்.

தந்தம் என்பது பல். பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் கல் இல்லை. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சி உப்பும். ஈரம் குறைந்தால் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உப்பாது, சுருங்காது. மரத்தில் வளையம் மாதிரி தந்தத்திலும் அடுக்கு உண்டு. உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, ஒருநாள் அந்த அடுக்கோடு விரிசல் விடும். விரிசல் விட்டால் விட்டதுதான்.

இதில் கவனிக்கவேண்டியது, தந்தத்துக்கு வெயில்கூடப் பழகிப்போகும். ஈரம்கூட ஓரளவு பழகிப்போகும். ஆகாதது மாற்றம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஊசலாடுவது. மரச்சிற்பம், ஓலைச்சுவடி, தஞ்சாவூர் ஓவியம், மிருதங்கத் தோல் எல்லாவற்றுக்கும் இதே விதி. உங்கள் வீட்டு மரக் கதவு மழைக்காலத்தில் சாத்தமாட்டேன் என்று அடம்பிடிக்கிறதே, அதே சமாசாரம்.

'அதுக்குத்தானே சார் ஏசி!' என்பீர்கள். அங்கேதான் தகராறு.

ஒரு மாவட்டத் தலைநகரின் மியூசியம். பெயர் வேண்டாம். நான் போனபோது மணி நாலே முக்கால். காவலர் ஒருவர் வந்து, 'சார், மூடப் போறோம்' என்று சொல்லிக்கொண்டே வரிசையாக ஏசி சுவிட்சுகளை அணைத்தார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டார். 'ராத்திரி பூரா மூடிக் கிடந்தா ஒரே வாடை சார், கொஞ்சம் காத்து வரட்டும்.' காலை பத்து மணிக்கு மறுபடி ஜன்னலை மூடி ஏசி போடுவார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு ஏசியே கிடையாது. அவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கொடுத்த உத்தரவு அப்படி. ஆனால் ஒரு தந்தச் சிற்பத்தைச் சித்திரவதை செய்ய வேண்டும் என்று கமிட்டி போட்டு யோசித்தாலும் இதைவிட நல்ல வழி கிடைக்காது.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நான் பி.காம். படித்தவன், பௌதிகம் பிளஸ் டூவோடு சரி. ஆனால் இது வரவு செலவுக் கணக்குதான்.

காற்று ஒரு பாத்திரம். சூடு ஏற ஏறப் பாத்திரம் பெரிதாகும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 35 டிகிரியில் கிட்டத்தட்ட 40 கிராம். ஈரப்பதம் 60 சதவிகிதம் என்றால் பாத்திரத்தில் அறுபது பங்கு நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது நம் காவலர் ஜன்னலைத் திறக்கிற நேரத்துக்கு வருவோம். வெளியே 32 டிகிரி, 60 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று ஏறத்தாழ 23 டிகிரிக்குக் குளிர்ந்தால் போதும், பாத்திரம் வழியும், தண்ணீர் விடும். உள்ளே பகலெல்லாம் ஏசியில் 22 டிகிரிக்குக் குளிர்ந்துபோன ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சோடா பாட்டிலுக்கு என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

வெண்கலத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மண்ணுக்குள் பல நூற்றாண்டு புதைந்து கிடந்து எடுத்த சிலைகளில் உப்பு ஏறியிருக்கும். குளோரைடு. ஈரம் கிடைத்தால் அது விழித்துக்கொள்ளும். வெளிர்பச்சைப் பொடியாகச் சிலையை உள்ளுக்குள்ளிருந்து தின்ன ஆரம்பிக்கும். வெண்கல நோய் என்றே பெயர். எழும்பூர் மியூசியத்தில் 1930-களிலேயே எஸ். பரமசிவன் என்ற ரசாயன நிபுணர், மின்சாரம் செலுத்திச் சிலைகளைச் சுத்தம் செய்து இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தார். தஞ்சைப் பெரிய கோயில், சித்தன்னவாசல் ஓவியங்களை ரசாயனக் கண்ணோடு ஆராய்ந்தவரும் அவர்தான். சென்னையில் அப்படிப்பட்ட ஒரு லேப் அந்தக் காலத்திலேயே இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

போகட்டும். ஏன் இப்படிப் பகலில் போட்டு இரவில் அணைக்கிறார்கள்? கரண்ட் பில்.

இங்கேதான் என் காமர்ஸ் புத்தி உதவுகிறது. செலவில் இரண்டு ஜாதி உண்டு. மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு. ஏசி வாங்குவது மூலதனச் செலவு. டெண்டர் உண்டு, எஸ்டிமேட் உண்டு, ரிப்பன் உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. ஏசியை ஓட்டுவது வருவாய்ச் செலவு. அதில் ரிப்பன் கிடையாது. மாதாமாதம் பில் மட்டும் வரும். ஒரு காட்சிக்கூடத்தில் இரண்டு டன் ஸ்பிளிட் ஏசி நான்கு. ஒன்றுக்கு மணிக்கு இரண்டு யூனிட் என்று வையுங்கள். எட்டு மணி நேரத்துக்கு 64 யூனிட். வருஷத்தில் 300 நாள் என்றால் 19,200 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று போட்டால் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இது ஒரே ஒரு கூடத்துக்கு, பகலுக்கு மட்டும். இரவும் ஓட்டினால் மூன்று மடங்கு இல்லாவிட்டாலும் இரண்டு மடங்காவது ஆகும். பட்ஜெட்டில் இடம் இல்லை. ஆகவே ஐந்து மணிக்கு அணை.

அப்போது அந்த ஏசி யாருக்காகப் போட்டது? சிலைக்கு இல்லை. சிலை 24 மணி நேரமும் அங்கேதான் இருக்கிறது. அரை மணி நேரம் வந்துபோகிற உங்களுக்கும் எனக்கும். இன்னும் சரியாகச் சொன்னால், திறப்பு விழாவுக்கு வந்தவருக்கு.

இதில் ஒரு வேடிக்கை. ஏசி முதன்முதலில் மனிதனுக்காகக் கண்டுபிடித்ததே இல்லை. 1902-ல் நியூயார்க், புரூக்ளினில் ஒரு அச்சகம். ஈரக் காற்றில் காகிதம் நீளும், சுருங்கும். ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காரவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் அந்த அச்சகத்தின் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஒரு இயந்திரம் வடிவமைத்தார். அதுதான் ஆரம்பம். வறண்ட ஊரான சிவகாசியில் ஏன் அச்சுத் தொழில் செழித்தது என்று யோசித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆக, காகிதத்துக்காகப் பிறந்த இயந்திரம், மனிதனுக்கு வந்து சேர்ந்து, கடைசியில் ஓலைச்சுவடி இருக்கிற இடத்தில்கூட மனிதனுக்காகவே ஓடுகிறது.

சரி, பணம் இருந்தால் இரவும் பகலும் ஓட்டிவிடலாமே? வெளிநாட்டு மியூசியங்கள் அப்படித்தானே? ஆமாம், ஓட்டினார்கள். இப்போது கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் நேஷனல் கேலரியின் ஓவியங்களைக் குண்டுக்குப் பயந்து வேல்ஸ் மலையில் மானாட் என்ற ஊரில் ஒரு கற்பலகைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 1941. உள்ளே சுமார் 17 டிகிரி, 58 சதவிகித ஈரப்பதம். வருஷம் பூரா அசையாமல் அதே அளவு. பெயிண்ட் உரிவது கிட்டத்தட்ட நின்றே போனது. போர் முடிந்து ஓவியங்கள் லண்டனுக்குத் திரும்பின. மறுபடி உரிய ஆரம்பித்தது. பாடம் தெளிவு: அசையாத காற்று நல்லது. அதிலிருந்து மெல்ல மெல்ல ஒரு சூத்திரம் உருவானது. ஈரப்பதம் 50 அல்லது 55 சதவிகிதம், அதிலிருந்து ஐந்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. கேரி தாம்சன் 1978-ல் எழுதிய மியூசியச் சூழல் பற்றிய புத்தகம் இந்தத் துறைக்கு வேதம் மாதிரி ஆயிற்று. அவரோ நேர்மையான மனிதர். இந்த ஐந்து என்பது பொருளுக்கு என்ன ஆகும் என்று ஆழமாகத் தெரிந்து வைத்ததல்ல, இயந்திரத்தால் எவ்வளவு முடியும் என்று பார்த்து வைத்தது என்று அவரே எழுதியிருந்தார். யார் கேட்டார்கள்? உலகம் பூரா அந்த நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டது.

1990-களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விஞ்ஞானிகள் மரத்தையும் பெயிண்டையும் இழுத்துப் பார்த்து, நெளித்துப் பார்த்து, பெரும்பாலான பொருட்கள் இதைவிடக் கொஞ்சம் அதிக ஊசலாட்டத்தைத் தாங்கும் என்றார்கள். பெரிய சண்டை நடந்தது. கடைசியில் மின்சாரக் கட்டணமும் புவி வெப்பமும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லின. 2014-ல் சர்வதேசப் பாதுகாப்பு நிபுணர்கள் ஹாங்காங்கிலும் மெல்போர்னிலும் கூடி, இனி இந்தக் கெடுபிடி வேண்டாம், அந்தந்த ஊர்த் தட்பவெப்பத்தை மதியுங்கள் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். உலகின் பெரிய மியூசியங்களின் இயக்குநர்கள் குழு 'பிசோ' என்று ஒன்று உண்டு. அவர்களும் 2015-ல், பெரும்பாலான பொருட்களுக்கு 40-லிருந்து 60 சதவிகிதம் வரை ஈரப்பதம், 16-லிருந்து 25 டிகிரி வரை வெப்பம் போதும், ஒரே நாளில் பெரிய மாற்றம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தளர்த்திவிட்டார்கள்.

அதுவும் லண்டன், பாரிஸ் கணக்கு. திருச்சி கணக்கு வேறு. காவிரிக்கரையிலே 300 வருஷம் வாழ்ந்து பழகிய தந்தத்துக்கு லண்டன் நம்பர் எதற்கு? அது எந்தக் காற்றில் இவ்வளவு காலம் விரியாமல் இருந்ததோ, அதன் சராசரியை ஒட்டி வைத்தாலே பாதி வேலை முடிந்தது. இதுவும் என் சொந்தச் சரக்கு இல்லை. ஏசி இன்ஜினீயர்களின் அமெரிக்கச் சங்கமே, அந்தந்த இடத்தின் பழைய சராசரியைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அவர்கள் கழற்றிப் போடுகிற கோட்டை நாம் ஏன் வெயிலில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2018 செப்டம்பர் 2. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. இரண்டு கோடிப் பொருட்கள் இருந்த இடம். பெரும்பகுதி சாம்பல். விசாரித்த போலீஸ், தீ ஆரம்பித்த இடத்தைக் கண்டுபிடித்தது. தரைத்தளத்து அரங்கத்தில் சரியாக வயரிங் செய்யாத ஒரு ஏசி. பழைய கட்டடத்தில் புது மெஷினை மாட்டும்போது, அந்தக் கட்டடத்தின் ஒயர் அதைத் தாங்குமா என்று ஒரு ஆள் பார்க்க வேண்டும். அந்த ஆளுக்கும் ரிப்பன் கிடையாது.

மறுபடி திருச்சிக்கு வருவோம். மலைக்கோட்டைப் பக்கத்தில், கடைவீதிச் சந்தடிக்கு நடுவே ராணி மங்கம்மாள் மகால். கட்டியது அவர் கணவர் சொக்கநாத நாயக்கர், 1666 வாக்கில். பெயர் மட்டும் மனைவிக்கு. (சரித்திரம் அபூர்வமாகச் செய்கிற நியாயங்களில் ஒன்று.) நாயக்கர்களின் தர்பார் மண்டபமாக இருந்த இந்தக் கட்டடத்தில்தான் திருச்சி அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகம் தொடங்கியது 1983-ல். கற்சிற்பங்கள், நாணயங்கள், ஓலைகள், பாடம் செய்த பறவைகள் என்று பலதும் உண்டு. நான் அங்கே சிற்பங்களைவிடச் சுவரைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். கனமான செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, குவிமாடம். மேலே ஏறிய சூடு அங்கேயே நிற்கும். தடித்த சுவர் பகல் சூட்டை மெதுவாக வாங்கி, ராத்திரி மெதுவாக விடும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காற்று வறண்டால் திருப்பிக் கொடுக்கும். பேங்க் மாதிரி. உபரி நாளில் டெபாசிட், பற்றாக்குறை நாளில் வித்டிராயல். வட்டி இல்லை, கரண்ட் இல்லை.

இதை ரொமான்டிக்காகச் சொல்லவில்லை. ஜெர்மனியில் கொலோன் நகர ஆவணக் காப்பகத்தை 1971-ல் இதே தத்துவத்தில் புதிதாகக் கட்டினார்கள். தடித்த செங்கல் சுவர், உள்ளே சுண்ணாம்புப் பூச்சு, அளந்து வைத்த சின்ன ஜன்னல்கள். பெரிய ஏசி ஆலை இல்லாமலே ஆவணங்களுக்கு அசையாத காற்று கிடைத்தது. 'கொலோன் மாடல்' என்று மற்ற ஊர்களும் பின்பற்றின. அந்தக் கட்டடம் 2009-ல் இடிந்து விழுந்தது. சுவரில் குறையில்லை, பக்கத்தில் சுரங்க ரயிலுக்குத் தோண்டினார்கள். வாழ்க்கை அப்படித்தான்.

இப்போது நம்மிடம் இருக்கிற பழைய மகால்களுக்கு என்ன செய்கிறோம்? சுண்ணாம்பு மேல் சிமென்ட் பூசுகிறோம். அதற்கு மேல் பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட். சுவர் மூச்சு விட முடியாமல் வாயைக் கட்டிவிட்டு, உயரக் கூரையை ஃபால்ஸ் சீலிங்கால் மறைத்து, பிறகு 'உள்ளே ஒரே புழுக்கம்' என்று ஏசிக்கு எஸ்டிமேட் போடுகிறோம். புதிதாகக் கட்டுகிற மியூசியங்களுக்கும் இது பொருந்தும். 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டுப் பாணியில் எழுந்தபோது நிறையப் பேர் சந்தோஷப்பட்டோம். செட்டிநாட்டு வீட்டின் மகிமை தூணிலும் ஆத்தங்குடிக் கல்லிலும் மட்டும் இல்லை. முற்றத்தின் வழியாக வீடு மூச்சு விட்டதில் இருக்கிறது. இனி வருகிற மியூசியங்களுக்கு வரைபடம் போடுகிறவர்கள் அந்த இரண்டாவது விஷயத்தையும் காப்பியடித்தால் தேவலை.

சிலைக்குச் சொன்னது போதும். உள்ளே இருக்கிற மனிதர்கள் என்ன சுவாசிக்கிறார்கள்?

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும். அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சுற்றுலா வருகிறது. அறுபது பிள்ளைகள், ஒரு கூடம். பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், நாலு மீட்டர் உயரம், 320 கன மீட்டர். கதவு ஜன்னல் மூடியிருக்கிறது. ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் சுமார் 15 லிட்டர் கரியமில வாயு விடும். அரை மணியில் அறுபது பேரும் சேர்ந்து 450 லிட்டர். வெளிக்காற்றில் 420 பி.பி.எம். அளவில் இருப்பது, உள்ளே 1,800-ஐத் தொடும். ஆயிரம் தாண்டினாலே காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். கொரோனாவுக்குப் பிறகும் இந்தக் கணக்கை நாம் போடவில்லை என்றால் எப்போது போடப் போகிறோம்? கூடவே அந்த அரை மணியில் மூச்சும் வியர்வையுமாகச் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஏசி அதை எடுக்காவிட்டால் 25 டிகிரியில் ஈரப்பதம் இருபது புள்ளி ஏறும். பிள்ளைகள் சத்தம் போடாமல் அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். ஈரம் சிற்பத்தோடு தங்கும்.

மூச்சுக்காற்று ஒன்றும் அற்ப விஷயம் இல்லை. பிரான்ஸில் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940-ல் கண்டுபிடித்து, 1948-ல் ஜனங்களுக்குத் திறந்து, 1963-ல் மூடிவிட்டார்கள். பார்த்தவர்களின் மூச்சே காரணம். வாடிகனில் சிஸ்டைன் தேவாலயத்துக்கு 1990-களில் போட்ட ஏசி, ஒரே நேரத்தில் 700 பேருக்கு என்று கணக்குப் பண்ணியது. கூட்டம் அதைத் தாண்டிப் போனதால் 2014-ல் 2,000 பேரைத் தாங்கும் புதிய அமைப்பு வைத்தார்கள். செய்தது அதே கேரியர் கம்பெனி. தஞ்சைப் பெரிய கோயிலில் சோழர் ஓவியங்கள் இருக்கிற உள்சுற்றுப் பாதைக்குள் உங்களையும் என்னையும் விடாததற்குக் கோபப்படுகிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

அடுத்தது வாசனை. மியூசிய வாசனை என்று ஒன்று உண்டு. நமக்கு அது அரை மணி நேர அனுபவம். அங்கே மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாரே காவலர், அவருக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், இருபது முப்பது வருஷம். அந்துருண்டைப் புகை, தூசி, பூச்சிமருந்து. உலகம் முழுக்கப் பழைய விலங்கு, பறவைத் தொகுப்புகளைப் பாடம் செய்ய ஆர்செனிக் சோப்பு தடவியிருக்கிறார்கள். தாவரத் தொகுப்புகளுக்குப் பாதரச உப்பு. பூச்சி வராது. உண்மைதான். பூச்சிக்கே ஆகாதது தூசியாக உதிர்ந்தால், துடைக்கிறவருக்கு ஆகுமா? மேலைநாடுகளில் இப்போது பழைய பாடம் செய்த விலங்குகளைத் தொடும் முன் பரிசோதனை, கையுறை, முகமூடி. நம் ஊரில் பழைய வேட்டித் துணி.

கண்ணாடிப் பெட்டிக்கும் இதே கதி. புதுசாக மாடுலர் கிச்சன் போட்டவர்கள் அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறது என்பார்களே, அது பிளைவுட்டின் பசையிலிருந்து வருகிற ஃபார்மால்டிஹைடு. கூடவே மரத்திலிருந்து அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் ஆவி. நம் சமையலறையில் கதவைத் திறந்து வைத்தால் போய்விடும். மியூசியத்தில் புது பிளைவுட் பெட்டி செய்து, வெல்வெட் ஒட்டி, பெயிண்ட் காயும் முன்னே நாணயங்களை வைத்துக் கண்ணாடியால் சீல் வைத்துவிடுகிறோம். சாதவாகனர்கள் ஈயத்தில் காசு அடித்தார்கள். இரண்டாயிரம் வருஷம் தாக்குப்பிடித்த ஈயக் காசு, இந்த ஆவியில் சில வருஷங்களில் வெள்ளைப் பொடியாகும். மர அலமாரியில் வைத்த சிப்பிகள் இப்படிப் பூத்துப் போவதை பைன் என்ற இங்கிலாந்துக்காரர் 1899-லேயே எழுதிவைத்தார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. நமக்குப் பிடிபட்டுப் பல காலம் ஆகிறது. டெண்டரில் இன்னும் பிளைவுட் என்றுதான் வருகிறது.

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் ஓலைச்சுவடிகளுக்குப் பக்கத்தில் சின்னத் துணிப் பொட்டலம் வைப்பார்கள். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்த பொடி, கொஞ்சம் கற்பூரம். பூச்சி அண்டாது, எடுத்து வைக்கிறவருக்கு மிஞ்சிப் போனால் தும்மல் வரும். எல்லாவற்றுக்கும் பொட்டலம் போதும் என்று நான் சொல்லவில்லை. நோய்பட்ட வெண்கலத்துக்கு வறண்ட காற்று வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும்தான். ஆனால் ஒரு சிலைக்காக ஒரு மண்டபத்தையே உலர்த்துவானேன்? இறுக்கமான ஒரு பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல். புதுச் செருப்பு டப்பாவில் சின்னப் பொட்டலமாக வருமே, அதன் பெரிய அண்ணன். மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சூடாக்கி மறுபடி வைத்தால் போதும். பெட்டியின் காற்றைக் காப்பாற்றுவது மலிவு. கூடத்தின் காற்றைக் காப்பாற்றுவதுதான் லட்சக்கணக்கில்.

'அப்ப ஜனங்க வெயில்ல வேர்த்து விறுவிறுத்து வருவாங்களே, அவங்களுக்கு?' நியாயமான கேள்வி. நுழைவுக் கூடத்தில் ஏசி போடுங்கள். அங்கே ஒரு பெஞ்ச், ஒரு பானைத் தண்ணீர். கால் மணி ஆறிவிட்டு உள்ளே போகட்டும். பொருள் இருக்கிற கூடத்தில் மின்விசிறியும், வெயில் படாத ஜன்னலும், சூடு தராத எல்.இ.டி. விளக்கும் போதும். ஏசி போட்டே தீரவேண்டிய அறை இருந்தால், 20 டிகிரி வேண்டாம், 27 வையுங்கள். ஆனால் ராத்திரியும் அதே 27.

இதையெல்லாம் தொடங்க கோடி ரூபாய் திட்டம் தேவையில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் மணிக்கு மணி தானே குறித்துக்கொள்ளும் டேட்டா லாகர் என்ற கருவி தீப்பெட்டி சைஸில் கிடைக்கிறது. விலை சில ஆயிரம் ரூபாய். காட்சிக்கூடத்துக்கு ஒன்று, ஸ்டோர் ரூமுக்கு ஒன்று, முக்கியமான பெட்டிகளுக்குள் ஒவ்வொன்று. ஒரு வருஷம், ஆடி வெயிலும் ஐப்பசி மழையும் சேர்த்து, என்ன நடக்கிறது என்று முதலில் எழுதட்டும். அதற்குப் பிறகு ஏசி வேண்டுமா, ஜன்னலுக்கு வலை வேண்டுமா, சுவரில் சிமென்ட்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசவேண்டுமா என்று முடிவெடுக்கலாம். கணக்கு எழுதாமல் பட்ஜெட் போடுகிற கடை எத்தனை நாள் தாங்கும்?

அடுத்த முறை நீங்கள் எந்த ஊர் மியூசியத்துக்குப் போனாலும் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள், மூலையில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் இருக்கிறதா என்று. இருந்தால் அது காட்டுகிற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், வாசலில் வருகையாளர் புத்தகம் இருக்கும். 'அருமை', 'சூப்பர்', 'வாழ்க தமிழ்' என்று நிறைய எழுதியிருப்பார்கள். அதன் கீழே தேதி போட்டு, 'இங்கே ஏசியை எத்தனை மணிக்கு அணைக்கிறீர்கள்?' என்று எழுதிவிட்டு வாருங்கள். பத்துப் பேர் எழுதினால் ஒருவராவது படிப்பார்.